தையில் எடுத்து ஆடியில் விட்ட பாலிசிகள்

மணி,

நலம், நலமறிய ஆவல் எல்லாவற்றையும் மேலே நீயே எழுதிக்கொள். எனக்குப் பொறுமை இல்லை. முந்தாநாள் ஆடி அழைப்புக்காக நீயும் லதாவும் நாகர்கோவில் பஸ் ஏறப் போகும் அவசரத்தில், காபியை ஆற்றிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாயே, "அம்மா, என் பேர்ல ஒரு இன்சூரன்ஸ் பாலிசி கெடக்கோல்லியோ, அதை சரண்டர் பண்ணிடலாம்னு இருக்கேன். பஹ்ரைன்ல கம்பெனிக்காராளே எல்லாம் பாத்துப்பா. அந்தப் பத்திரத்தை எடுத்து வை" என்று. பழைய குடையைக் கழித்துப் போடுகிறவன் மாதிரி சொல்லிவிட்டு மறுபடியும் காபியை ஆற்றினாய். உன் மைத்துனன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அப்பா கண்ணாலேயே "ஆரம்பிக்காதே" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடினது அப்போதைக்குத்தான். நீங்கள் கிளம்பியதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நேற்று ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். அப்பா மோரை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

கோபம் என்று நினைத்துவிடாதே. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரே உற்சாகம்! இந்த வீட்டில் சங்கீதம் என்றால் அப்பா பேசுவார், கிரிக்கெட் என்றால் நீ பேசுவாய், அரசியல் என்றால் வருகிறவர் போகிறவர் எல்லோரும் பேசுவார்கள். மனிதர்கள் ஏன் தங்கள் பாலிசியைப் பாதியில் விடுகிறார்கள் என்கிற ஒரே ஒரு விஷயம்தான் எனக்கென்று சொந்தம். கரமனையில் என்னைவிட அதை அலசினவள் கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒரு ஜீவன் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நீயும் கேட்கவில்லை, ஆனால் விடப் போகிறேன் என்கிறாய். அது கேட்ட மாதிரிதான். பத்திரத்தைத் தரமாட்டேனோ என்று பயப்படாதே. இதே உறைக்குள் வைத்திருக்கிறேன், அப்பா நாளைக்கு நாகர்கோவில் வரும்போது கையிலேயே கொடுப்பார். என்ன செய்வதென்று நீதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் முதலில் இதைப் படி. கதவைச் சாத்திக்கொண்டு படிக்க வேண்டிய கடிதம் இல்லை. லதாவை எதிரில் உட்கார வைத்து உரக்கப் படி, உன் மாமனார் மாமியார் காதில் விழுந்தாலும் நல்லதுதான்.

நான் ஏஜென்ட் ஆன கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும். நீ அப்போது சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற வயசு. அப்பாவுக்கு செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா வேலை. சர்க்கார் உத்தியோகஸ்தர் இன்சூரன்ஸ் ஏஜென்சி வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு அந்த நாளில் பாதிப் பேர் கண்டுபிடித்த வழி, ஏஜென்சியைப் பெண்டாட்டி பேரில் எடுப்பது. ஆபீஸ் புஸ்தகத்தில் நான் ஏஜென்ட். வீட்டில் நான் தோசை வார்த்துக்கொண்டிருப்பேன், அப்பா காகிதத்தை நீட்டுவார், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். யார் உயிருக்கு, எவ்வளவுக்கு, ஒன்றும் தெரியாது. கமிஷன் வந்தால் அப்பா சிரிப்பார், நானும் சிரிப்பேன். அவ்வளவுதான் என் வியாபாரம்.

அப்பா பாலிசி பிடித்த விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நம் தெருவில் சாவைப் பற்றிப் பேசினால் பெண்டுகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அதனால் அப்பா அதைக் கல்யாணப் பேச்சு மாதிரி ஆக்கிவிட்டார். மார்கழியில் வாயே திறக்க மாட்டார். தை பிறந்ததும் பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்புவார். ராகுகாலம், எமகண்டம் எல்லாம் தள்ளி நல்ல முகூர்த்தம் பார்ப்பார். விண்ணப்பத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சுவாமி முன்னால் வைத்து, வெற்றிலை பாக்கோடு கையெழுத்து வாங்குவார். கரமனை, கோட்டை, வலியசாலை, எங்கே பார்த்தாலும் தை மாசத்து பாலிசிகள். "இதுலே அமங்கலம் என்ன இருக்கு மாமி? சேமிப்பாக்கும்! தீர்க்காயுசா இருந்து நீங்களே வாங்கிக்கப் போறேள்" என்பார். மாமிகள் குளிர்ந்து போவார்கள். கல்யாண சமையல் செய்கிற கிச்சாமி மாமாகூட அப்படி ஒரு தை மாதத்தில்தான், பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். பாதி வருஷத்துக்கு ஒரு தவணை. எல்லோருக்கும் அதே ஏற்பாடுதான். அப்பாவுக்கும் கணக்கு வைத்துக்கொள்ளச் சுலபம்.

பிறகு ஒரு வருஷம், ஆவணி பிறந்து முதல் முகூர்த்தம்கூட வராத நாளில், தங்கப்பன் சார் வந்தார். ஏஜென்ட்களை மேய்க்கிற டெவலப்மென்ட் ஆபீசர், நல்ல மனுஷன், ஆனால் முகத்தை எப்போதும் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி வைத்திருப்பார். அப்பா ஆபீஸில். நான் காபி கொண்டு வைத்தேன். காபியைத் தொடாமல் என்னைப் பார்த்து, "சேச்சி, நிங்ஙளுடெ பாலிசி எல்லாம் லாப்ஸ் ஆயிப்போச்சு" என்றார். லாப்ஸ் என்றால் தவணை கட்டாமல் செத்துப் போனது. போன வருஷமும் இப்படித்தானாம், அதற்கு முந்தின வருஷமும் இப்படித்தானாம். எடுத்த பாலிசிகளில் பாதி முதல் வருஷமே படுத்துவிடுகிறதாம். மார்ச்சுக்குள் நிமிராவிட்டால் ஏஜென்சியை ரத்து செய்துவிடுவார்களாம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை என்னை எங்கேயோ தொட்டுவிட்டது. "மேலதிகாரி நிங்ஙளுடெ பேரைச் சொல்லிக் கேட்டார், யாரு இந்த ஏஜென்ட், ஆளைக் காணணுமேன்னு."

என் பேர்! கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் முழுப் பேரை எங்கேயும் யாரும் அச்சில் போட்டதில்லை மணி. ஆபீஸ் காகிதத்தில் அது தட்டெழுத்தில் இருந்தது. அந்தப் பேரைத்தான் இப்போது உபயோகமில்லை என்று அடிக்கப் போகிறார்கள். அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "போனாப் போறது, விடு. ஜனங்களுக்கு விவரம் பத்தாது. கையிலே காசு இருந்தாலும் கட்டறதுக்கு மனசு வராது" என்றார். "என் பேர்னா போறது?" என்றேன். அவர் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கு இப்போ என்ன பண்ணணும்கறே?" "நான் போறேன். யார் யார் விட்டாளோ அவா ஆத்துக்கெல்லாம் நானே போய் ஏன்னு கேக்கறேன்." அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுநாளே குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன்.

அடடா, என்னென்ன காரணம் கேட்டேன் தெரியுமா! ஒரு வீட்டில் மாமாவுக்கு மாற்றல் ஆகிவிட்டது என்றார்கள். மாமா கொல்லைப்புறத்தில் இருமிக்கொண்டிருந்தார். இன்னொரு வீட்டில் ஜாதகத்தில் பூர்ணாயுசு எழுதியிருப்பதால் பாலிசி அனாவசியமாம். வலியசாலையில் ஒரு மாமி, "பாலிசி எடுத்ததுலேர்ந்து அவருக்கு முட்டு வலி" என்றாள். பணம் இல்லை என்று மட்டும் ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. கிச்சாமி மாமா வீட்டுக்குத்தான் நம்பிக்கையோடு போனேன். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். போனால், முற்பகல் வேளையில் படுத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து தெருவே கேட்கிற மாதிரி, "எனக்கு எந்த பாலிசியும் வேண்டாம்! கோவில்லே இருக்கற பத்மநாபன் பாத்துப்பான். இனிமே இதுக்காக இந்தப் படி ஏறாதேங்கோ!" என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் பெண்டாட்டி பார்வதி மாமி பின்னால் நின்றுகொண்டு தரையைப் பார்த்தாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. திரும்பும்போது அவர்கள் வீட்டு நடையில் பெரிய பெரிய வெண்கல உருளிகள் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். பார்த்தேனே தவிர, ஒன்றும் உறைக்கவில்லை.

பட்டியலில் பாக்கி இருந்தது விழிஞ்ஞத்தில் ஒருத்தர். மரியதாஸ் என்று பேர், கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்து வள்ளம் வாங்கி மீன் பிடிக்கிறவர். ஏதோ லோன் காகிதத்துக்காக செக்ரட்டேரியட்டுக்கு நடையாய் நடந்தபோது அப்பா அவரையும் ஒரு தை மாதத்தில் பிடித்துப் போட்டிருந்தார். நான் போகிறேன் என்றதும் அப்பாவுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. "அகத்துப் பொம்மனாட்டி பஸ் ஏறி மீன் தொறைக்குப் போறதா? ஊர் என்ன சொல்லும்?" "ஊர் எனக்குத் தவணை கட்டப் போறதா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன். கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ் ஏறினேன். எனக்குத் தனியாக அத்தனை தூரம் அதுதான் முதல் தடவை. பயமாகவும் இருந்தது, பாட வேண்டும் போலவும் இருந்தது. மழை விட்டபாடில்லை. ஜன்னல் படுதாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தே போனேன். இறங்கும்போது ஒரு பக்கத்துப் புடவை முழுக்க நனைந்திருந்தது.

துறையில் திருவிழாக் கூட்டம்! மழையில் ஊரே ஒதுங்கிக் கிடக்கிறது, அங்கே ஜனம் நெரிகிறது. வள்ளம் வள்ளமாக வந்து ஏறுகிறது, கூடைகள் பறக்கின்றன, ஏலக்காரன் கத்துகிறான். நாற்றம் தாங்கவில்லை, ஒளிப்பானேன். முந்தானையால் மூக்கை மூட நினைத்தேன், ஏஜென்ட் அப்படி நிற்கலாமா என்று கையைக் கீழே இறக்கிவிட்டேன். மரியதாஸைக் கண்டுபிடித்துப் பேரைச் சொன்னதும், மனுஷன் பதறிப் போய்விட்டார். "அம்மா, இந்த மழயில நீங்களா வந்திய? சாரு எங்க?" நான் தவணை என்று வாயைத் திறந்தேனோ இல்லையோ, அவர் முந்திக்கொண்டார். "கர்க்கிடகத்து தவணய, அதான் ஆடித் தவணய, நான் கெட்டப் போனேன். ஆபீஸ்ல வாங்க மாட்டோம்ணு சொல்லிட்டான். தை தவணை கெட்டாததுனால பாலிசி செத்துப் போச்சாம். அம்மா, தையில வந்து பைசா கேட்டா நான் எங்க போவேன்? அப்ப கடல்ல எனக்கு ஒண்ணும் கெடயாது. மத்த தொறக்காரன் எல்லாம் மழயில வள்ளம் எறக்க மாட்டான், எங்க தொற மட்டும்தான் அலை அடிக்காத ஒதுங்கின தொற. இப்பதான் எங்களுக்குக் காலம். இப்பக் கேளுங்க, எவ்வளவு வேணும்?" சொல்லிக்கொண்டே மடியிலிருந்து ஈர நோட்டுகளை எடுத்தார். ரசீது இல்லாமல் கையில் வாங்கக் கூடாது என்று சொல்லி, அவரையே மறுநாள் ஆபீஸுக்கு வரச் சொன்னேன். கிளம்பும்போது ஒரு பெரிய மீனை ஓலையில் சுற்றிக் கையில் கொடுக்க வந்தார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, நாக்கைக் கடித்துக்கொண்டு அதைப் பின்னால் மறைத்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள் அலுத்துக்கொண்டேன். இது என்ன விசித்திரம்? ஒரே மாதிரி பாலிசி, ஒரே தை மாதம், ஒரே தவணை. எங்கள் தெருக்காரர்கள் தை தவணையைக் கட்டிவிட்டு ஆடியில் விடுகிறார்கள். இந்த மனுஷன் தையில் விட்டுவிட்டு ஆடியில் பணத்தை நீட்டுகிறார். அப்போதுதான், மணி, கோவளம் தாண்டி பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது, எனக்கு உள்ளே பளிச்சென்று ஒன்று விழுந்தது. உருளிகள்! கிச்சாமி மாமா வீட்டு நடையில் கவிழ்த்து வைத்திருந்த உருளிகள்! ஆடியில் கல்யாணம் ஏது? கல்யாணம் இல்லாவிட்டால் சமையல்காரருக்கு அடுப்பு ஏது? அவர் முற்பகலில் படுத்திருந்தது சோம்பலால் இல்லை. பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகளுக்குப் பணம் கட்டி முடித்து, பேய் மழையில் ஒரு மாதம் முழுக்கக் கையில் காசே வராமல் உட்கார்ந்திருக்கிற மனுஷர். அவர் மட்டுமா? புரோகிதர், நாதஸ்வரக்காரர், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர், எல்லோருக்கும் அதுதான் வறண்ட மாதம். நாங்கள் என்ன செய்தோம்? பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டி ஆரம்பிக்க நல்ல நாள் பார்த்தோம். அந்த நல்ல நாளுக்கு ஆறு மாதம் தள்ளி என்ன வருகிறது என்று ஒருத்தரும் ஒரு பக்கம் புரட்டவில்லை. ஆடியில் ஒரு புதுத் துடைப்பம்கூட வாங்காத ஜனங்களிடம், ஆடி பார்த்துத் தவணை கேட்டோம். சலுகை நாட்கள் முடிந்து பாலிசி சாகிறபோதுதான் முதல் ஆவணி முகூர்த்தமே வரும். நான் சீட்டைவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர், "அம்மே, எறங்ஙணுமா?" என்று கேட்டான். "இல்லை, இல்லை, ஒண்ணுமில்லை" என்று சிரித்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

வீட்டுக்குப் போகவில்லை. நனைந்த புடவையோடு நேரே கிச்சாமி மாமா வீடு. அவர் முகம் கடுத்தது. நான் பாலிசிப் பேச்சே எடுக்கவில்லை. "மாமா, உங்களுக்கு எந்த மாசம் தேகண்டத்துக்கு, கல்யாணச் சமையலுக்கு, ஓய்வே இருக்காது?" என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான். அந்த மனுஷருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது! "தை, மாசி வந்தா வீட்டுலே படுக்க நேரம் உண்டா? ஒரு முகூர்த்தத்துலே மூணு ஆத்துக்காரா வந்து நிப்பா" என்று ஆரம்பித்து, எந்த வீட்டில் எத்தனை இலை, எந்தச் சம்பந்தி பாயசத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். பார்வதி மாமி நடுவில் புகுந்து, "ஆடியிலேதான் நாங்க பாத்திரத்தைக் கவுத்துடறோம்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டுதான் மாமா பத்மநாபனைக் கூப்பிட்டு என்னை விரட்டினார். நான் சொன்னேன்: "மாமா, ஆடித் தவணையே உங்களுக்கு வேண்டாம். வருஷத்துக்கு ஒரே தடவை, தை முடிஞ்சு மாசியிலே கையிலே ஓட்டம் இருக்கறச்சே கட்டிடுங்கோ." "அப்படிப் பண்ண முடியுமா?" என்றார். முடியுமா என்று எனக்கே அப்போது தெரியாது. "முடியும்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஆபீஸில் தங்கப்பன் சார் மேஜை முன்னால் போய் நின்றேன். முடியும்தான்! தவணை முறையை மாற்ற வழி இருந்தது, செத்த பாலிசியை உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துப் பாக்கியைக் கட்டி எழுப்பவும் வழி இருந்தது, முன்கூட்டியே பணம் வாங்கிக்கொள்ளவும் அங்கே சம்மதித்தார்கள். மரியதாஸ் ஆடியிலேயே அடுத்த தைக்கும் சேர்த்துக் கட்ட ஒப்புக்கொண்டார். வழியெல்லாம் எப்போதும் இருந்தது. வந்து கேட்கத்தான் ஆள் இல்லை. ஆவணியும் தையும் மாசியும் நான் வீட்டில் தங்கவில்லை. முகூர்த்தப் பணம் கைக்கு வர வர ஒவ்வொருத்தராகக் கூட்டிக்கொண்டு போய்க் கட்ட வைத்தேன். மார்ச்சில் தங்கப்பன் சார் வந்து, "சேச்சி, ஏஜென்சி ரக்ஷப்பட்டு" என்றார், பிழைத்துவிட்டது என்று அர்த்தம். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அப்பா அன்று எனக்குத் தோலில் ஒரு கைப்பை வாங்கி வந்து, மேஜைமேல் வைத்துவிட்டு, பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் அழுதேன், சந்தோஷத்தில்தான். அதிலிருந்து யார் பாலிசி எடுக்க வந்தாலும் பஞ்சாங்கம் அப்புறம், "உங்க கையிலே எந்த மாசம் காசு தங்கும்?" என்பதுதான் என் முதல் கேள்வி.

இங்கேயே கதையை முடித்திருந்தால் நான் பெரிய ஆள்தான். ஆனால் அப்படியும் சிலது விழுந்துகொண்டேதான் இருந்தது, அதுவும் கையில் காசு புரளும் மாசத்தில்! உன் சித்தப்பாவை எடுத்துக்கொள். அவருக்கு என்ன குறை? மாசாமாசம் சம்பளம், ஒரே பெண், சொந்த வீடு. அண்ணா கேட்டாரே என்று பாலிசி எடுத்தார். கொல்லைத் தென்னை யார் பங்கு என்று அண்ணாவுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம் வந்தது பார், அந்த மாசமே தவணையை நிறுத்திவிட்டார். நான் போய்க் கேட்டதற்கு, "மன்னி, நான் அண்ணா மொகத்துக்காக எடுத்தேன். இப்போ அந்த மொகத்தையே பாக்கப் பிடிக்கலை" என்றார். நாலு தேங்காய்க்காகப் போன பாலிசி! அப்பா கொதித்தார். எனக்கு அதுவும் ஒரு பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது. ஒருத்தர் முகத்துக்காக எடுத்ததை அந்த முகத்தின்மேல் தாட்சண்யம் இருக்கிறவரைதான் கட்டுவார்கள். ஏஜென்ட் மாற்றலாகிப் போனால் போயிற்று, சண்டை வந்தால் போயிற்று. சித்தப்பாவுக்கு அது கடைசிவரை அண்ணாவின் பாலிசி. சித்தியோ, அந்தப் பெண்ணோ அதற்குள் இருப்பதாக அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. கிச்சாமி மாமாவோ, ஏஜென்டை வாசலோடு விரட்டினவர், வழி தெரிந்ததும் ஒரு வருஷம்கூடத் தவறாமல் கட்டினார். அவர் பாலிசிக்குள் பார்வதி மாமி இருந்தாள்.

இதுவரை எழுதிவிட்டுக் கொஞ்சம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன், மணி. உனக்கு என்ன புத்தி சொல்வது என்று யோசித்துக்கொண்டே உன் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தேன். பிடிபட்டுவிட்டது! உனக்கு வறண்ட மாசம் எதுவும் இல்லை. நீ விவரம் தெரியாதவனும் இல்லை. நீ முதல் சம்பளம் வாங்கின அன்றைக்கு விண்ணப்பத்தை முழுக்க நிரப்பி வைத்துக்கொண்டு வாசலில் நின்றது யார்? நான். நீ ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, படிக்காமல், "எங்கே போடணும்?" என்று கேட்டு ஒரு கிறுக்குக் கிறுக்கினாய். முதல் தவணையை நான் கட்டினேன். அப்புறமும் ஞாபகப்படுத்திப் பணத்தை வாங்கிக் கட்டினவள் நானேதான். ஊரெல்லாம் சுற்றி, முகத்துக்காக எடுக்காதீர்கள் என்று சொல்லித் திரிந்தவள், சொந்தப் பிள்ளைக்கு என் முகத்தைக் காட்டியே ஒரு பாலிசியை மாட்டிவிட்டிருக்கிறேன். அது உன் பாலிசியே இல்லை, என்னுடையது. அதனால்தான் உன்னால் காபியை ஆற்றிக்கொண்டே அதை விட முடிந்தது. இதைக் கண்டுபிடித்ததும் எனக்குத் துக்கம் வரவில்லையடா, அந்த பஸ்ஸில் எழுந்து நின்றேனே, அதே மாதிரி எழுந்து நின்றுவிட்டேன்.

ஆகையால் கேள். என் முகத்துக்காக இதை வைத்துக்கொள்ளாதே. அம்மா வருத்தப்படுவாள் என்று நினைத்து நீ வைத்துக்கொண்டால், என்றைக்காவது எனக்கும் உனக்கும் ஒரு மனஸ்தாபம் வரும், அன்றைக்கு இது போய்விடும். விட்டால் கொஞ்சம் பணம் வரும், கட்டினதைவிடக் குறைவாக. அதை வைத்துக்கொண்டு பஹ்ரைனில் ஒரு நல்ல டேப் ரெக்கார்டர் வாங்கலாம். கம்பெனி எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்றாய், சரி. அந்தக் கம்பெனியில் இருக்கிறவரை பார்த்துக்கொள்ளும். நீ அடுத்த வாரம் தனியாக விமானம் ஏறுகிறாய், லதா விசா வருகிறவரை இங்கேயே இருக்கப் போகிறாள். இதற்குமேல் நான் சொன்னால் மறுபடியும் என் முகத்தைக் காட்டினதாக ஆகிவிடும். உறைக்குள் பத்திரத்தோடு சரண்டர் விண்ணப்பமும் வைத்திருக்கிறேன், ஒரு இடத்தைக்கூட நிரப்பவில்லை. நீ அதில் கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் கொடுத்தால், உன் ஏஜென்ட் என்கிற முறையில் நானே சிரித்த முகத்தோடு ஆபீஸில் கொண்டு போய்க் கொடுப்பேன். சத்தியம்.

போடுவதற்கு முன்னால் பத்திரத்தைத் திருப்பி, பின்பக்கத்தை ஒரே ஒரு தடவை பார். உனக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்கு என்கிற இடத்தில் என் பேர் இருக்கிறது; அன்றைக்கு நானே எழுதினது. லதா கழுத்தில் நீ தாலி கட்டி இத்தனை நாள் ஆகிறது, ஏஜென்ட் நான், எனக்கே அதை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தப் பேரை மாற்றுகிற காகிதத்தையும் அடியில் வைத்திருக்கிறேன், அதிலும் நான் பேனாவை வைக்கவில்லை. லதாவை எதிரில் வைத்துக்கொண்டு, அவளுடைய முழுப் பேரை உன் கையால் மெதுவாக எழுது. எழுதி முடித்த பிறகும் சரண்டர் பண்ணத் தோன்றினால் பண்ணு. என் பேரை எடுக்கிறோமே என்று மட்டும் உன் கை தயங்க வேண்டாம், மணி. அந்த இடம் இனி அவளுடையது.

அம்மா